மெல்லிசை மன்னரும் தோட்டத்து மக்களும்



கெடா என்றவுடன் வரலாறு படித்தவர்களுக்குக் கடாரம் நினைவுக்கு வரும். 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும், பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியிலிருந்து பழைய கோயில்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டதும் நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்டறிந்தவைதாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் மன்னர் படையோடு வந்து இறங்கியவர் அல்லர். அவர் கையில் இருந்தது ஓர் ஆர்மோனியப் பெட்டி. ஆயினும் சிடாம் கிரியிலும், சுங்கை பட்டாணியிலும், பீடோங்கிலும், கூலிமிலும், லூனாசிலும் இருந்த லயன் வீடுகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவருடைய ஆட்சிதான் நடந்தது. அவரே எம். எஸ். விஸ்வநாதன், மக்கள் அன்போடு 'மெல்லிசை மன்னர்' என்று அழைத்தவர்.

ஒரு திரைப்பட இசையமைப்பாளரைப் பற்றி வரலாற்றுப் பேச்சில் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தோட்டத்துத் தமிழரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சம்பளக் கணக்கையும், ரப்பர் விலையையும், வேலைநிறுத்தங்களையும் எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கிய மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து என்ன கேட்டார், எதைக் கேட்டு அழுதார், எதைக் கேட்டுச் சிரித்தார் என்பதும் வரலாறுதானே?

விஸ்வநாதன் 1928ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி என்னும் ஊரில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வறுமையும் துயரமும் தாங்காத தாய், மகனையும் அழைத்துக்கொண்டு உயிரை விடத் துணிந்த வேளையில் பாட்டனார் தடுத்துக் காப்பாற்றினார் என்பது அவரே பின்னாளில் சொன்ன செய்தி. பாட்டனார் வீடு கண்ணூரில் இருந்தது. அங்கே நீலகண்ட பாகவதர் என்பவரிடம் இசை பயின்றார். திரைப்படக் கொட்டகையில் முறுக்கும் தின்பண்டமும் விற்றார். விற்கிற சாக்கில் படத்தையும் பாட்டையும் இலவசமாகக் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. பதின்மூன்றாம் வயதில் மேடையேறிப் பாடினார். மனத்தில் இருந்த ஆசையோ நடிகர் ஆக வேண்டும் என்பது.

அந்த ஆசையே அவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நடிகர் வேலை அன்று, எடுபிடி வேலை. தேநீர் கொண்டுவந்து கொடுப்பது, வெற்றிலை வாங்கி வருவது, ஆர்மோனியத்தைத் துடைத்து வைப்பது. அங்கே இசையமைப்பாளராக இருந்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. துடைத்து வைத்த ஆர்மோனியத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பையன் வாசித்த மெட்டுகள் நாயுடுவின் காதில் விழுந்தன. அவற்றுள் சில படத்திலும் இடம்பெற்றன. ஆனால் பெயர் நாயுடுவுடையதாகவே இருந்தது. பிற்பாடு நிறுவனம் சென்னைக்கு இடம் மாறியபோது, நாயுடுவே முதலாளியிடம் சென்று, 'இந்தப் பையன் போட்ட மெட்டுகளும் என் பெயரில் வந்திருக்கின்றன, இவனைக் கைவிட்டுவிடாதீர்கள்' என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினார் என்று விஸ்வநாதன் மேடைகளில் நன்றியோடு கூறுவதுண்டு. நாயுடு முதுமையடைந்தபோது அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். தோட்டத்தில் தொழில் பழக்கிய கங்காணியையோ மூத்த வெட்டுக்காரரையோ நம் மக்கள் கடைசிவரை 'அண்ணே' என்றும் 'ஐயா' என்றும் அழைத்துவந்ததை நினைத்தால், அவர்களுக்கு விஸ்வநாதனின் குணம் ஏன் பிடித்துப்போயிற்று என்பது விளங்கும்.

சென்னையில் சி. ஆர். சுப்பராமன் என்ற இளம் மேதையின் குழுவில் சேர்ந்தார். அதே குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் டி. கே. ராமமூர்த்தி. திருச்சியைச் சேர்ந்தவர், வயலின் வாசிப்பதையே வாழ்வாகக் கொண்ட குடும்பம், விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். 1952இல் சுப்பராமன் இருபத்தெட்டாம் வயதிலேயே காலமானார். 'தேவதாஸ்' முதலிய படங்களின் இசை முடியாமல் கிடந்தது. அந்த வேலைகளை இந்த இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற இணைப்பெயர் முதன்முதலாகத் திரையில் வந்தது.

இவர்கள் செய்த மாற்றம் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். இவர்களுக்கு முன் தமிழ்ப் படங்களில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு படத்தில் முப்பது, நாற்பது பாட்டுகள்கூட இருந்தன. பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன் போன்ற பெரியவர்கள் கருநாடக இசையின் இலக்கணத்தோடு பாட்டுகளைத் தந்தார்கள். அவை உயர்ந்த பாட்டுகள். ஆனால் அவற்றைப் பாடுவதற்குக் குரலும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரும் இராகத்தை விட்டுவிடவில்லை. அதைப் பாமரரும் முணுமுணுக்கக்கூடிய அளவுக்கு இலேசாக்கினார்கள். கமகங்களைக் குறைத்தார்கள், சொல் தெளிவாகக் கேட்க இடம் கொடுத்தார்கள், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசையைத் தனியே ஒரு சிறு கதைபோல அமைத்தார்கள். கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடந்தான் ஓடும். அந்த மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு மனிதரின் வாழ்வை அடக்கிக் காட்டியதுதான் அவர்களுடைய திறமை என்பேன். 1963இல் சென்னையில் நடந்த விழாவில் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை நடிகர் திலகம் சிவாஜி கணேசன் வழங்கினார். பட்டம் கொடுத்தது மேடையில்தான். அதற்கு முன்பே லயத்துத் திண்ணைகளில் அது முடிவாகிவிட்டது.

இந்தப் பாட்டுகள் நம் தோட்டங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தன?

முதலில் வந்தது ஒலிபெருக்கி. மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் தென்னை மரத்தின் உச்சியில் இரண்டு குழாய்களைக் கட்டுவார்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர்கள் பக்திப் பாட்டைக் கேட்டுக்கொண்டே போவார்கள். பத்து மணிக்குமேல் மைக் செட்டுக்காரர் திரைப்படப் பாட்டுக்கு மாறிவிடுவார். நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருப்பவருக்கும், மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் தூக்கி வருகிறவருக்கும் காற்று வாக்கில் பாட்டு வந்து சேரும். கல்யாணம் என்றாலும் அப்படியே. மணப்பெண்ணின் தாய்மாமன் எந்தப் பாட்டைப் போடச் சொன்னார் என்பதை வைத்தே அவருடைய மனநிலையை ஊரார் அறிந்துகொள்வார்கள்!

அடுத்தது வானொலி. பினாங்கு போன்ற நகரங்களில் கம்பி வழியே வரும் ரெடிபியூசன் பெட்டி இருந்தது. தோட்டத்துக்கு அது எட்டவில்லை. மின்கலத்தில் ஓடும் டிரான்சிஸ்டர் வானொலி வந்த பிறகுதான் லயத்தில் வீட்டுக்கு வீடு பாட்டு நுழைந்தது. டைனமோ வைத்து மாலையில் மட்டும் விளக்கு எரியவிட்டு, இரவு ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிடும் தோட்டங்கள் பல இருந்தன. அந்த இருட்டில் ஒரு வீட்டு டிரான்சிஸ்டரைப் பத்து வீட்டார் கேட்பார்கள். ரேடியோ மலேசியாவின் இந்தியப் பகுதி, இன்று மின்னல் எஃப்.எம். என்று பெயர் பெற்றிருப்பது, ஒலிபரப்பிய நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப்போடுவது ஒரு பெரிய வேலையாகவே இருந்தது. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அன்று மதிப்பு. அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அத்தை, மாமா, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று எல்லாப் பெயரையும் அட்டையில் திணித்து எழுத வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஒரு வாரத்துக்குச் சண்டைதான். அறிவிப்பாளர் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, பிறகு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது லயமே மூச்சடக்கிக் கேட்கும். செக் ரோல் புத்தகத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த பெயர், நாடு முழுவதும் கேட்க ஒருவரால் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டது. அந்த மரியாதையைத் தொடர்ந்து வந்த பாட்டு, பத்தில் ஐந்தாறு முறையாவது விஸ்வநாதனுடையதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்றாவதாகத் திடலில் காட்டும் படம். சம்பள வாரத்தில் வேன் வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முன்பக்கம் இடம் பிடிக்க முடியாதவர்கள் துணியின் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார். எழுத்தெல்லாம் தலைகீழாக அல்ல, இடம் வலமாக மாறித் தெரியும். ஆனால் பாட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது? சுருள் மாற்றும் இடைவேளையில் முந்திய பாட்டைப் பாடிக் காட்டிக் காசு பெற்ற பையன்களும் உண்டு. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் பாட்டொன்று ஒலிப்பதிவாகிற காட்சியையே படமாக்கியிருந்தார்கள். டி. எம். சௌந்தரராசன் நின்று பாட, விஸ்வநாதன் கையசைத்து வாத்தியக் குழுவை நடத்துகிற காட்சி அது. வானொலியில் பெயராக மட்டுமே கேட்டிருந்தவரின் முகத்தை நம்மவர்களுள் பலர் அப்பொழுதுதான் முதன்முதலாகக் கண்டார்கள். வெள்ளை உடையும் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக, பார்த்தால் கோயில் காரியக்காரர்போல இருப்பார்.

இந்த இணையின் பொற்காலம் எது என்று கேட்டால் 1961ஆம் ஆண்டைத்தான் முதலில் சொல்லுவேன். அந்த ஓராண்டிலேயே இயக்குநர் ஏ. பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்ற மூன்று படங்களுக்கும் இசை தந்தார்கள். இவை நம் நாட்டுக்கு வந்த காலத்தைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்கே பெயர் ஏற்பட்டது. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு வெளியேறும்படி குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமே. அண்ணன் ஒரு தோட்டத்துக்கும் தங்கை வேறொரு தோட்டத்துக்கும் பிரிந்துபோன அந்த நாளில்தான் 'பாசமலர்' திடலில் ஓடியது. பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தத்தம் பிள்ளையைத் தாலாட்டும் அந்தப் பாட்டை டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடியிருந்தார்கள். அது சென்னைக்குப் படப்பாட்டு. நமக்கு வீட்டுச் செய்தி. லயத்துத் தாய்மார்கள் அதை எடுத்துத் தொட்டிலில் கட்டிக்கொண்டார்கள். ஊரிலிருந்து பாட்டிமார் கொண்டுவந்த பழைய தாலாட்டுக்குப் பக்கத்தில் ஆயாக் கொட்டகையில் அதுவும் இடம் பிடித்தது. மெட்டு அத்தனை மென்மை. தூளி ஆடும் வேகத்துக்கு ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் பொருந்தும். தூளி ஆட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

'பாவ மன்னிப்பு' இன்னொரு வகையில் நமக்கு வேண்டியதாயிற்று. இந்து, இசுலாமிய, கிறித்துவக் குடும்பங்கள் ஒன்றோடொன்று பின்னிய கதை அது. அதில் நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலும் ஒலித்தது. மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம் கடையும், மாதா கோயிலும் அருகருகே இருந்த நம் சிற்றூர்களில் அந்தப் படத்தின் பாட்டை யாரும் அந்நியமாக எண்ணவில்லை. 1964இல் வந்த 'படகோட்டி'யும் அப்படியே. மீனவரின் உழைப்பையும் ஏழ்மையையும் கவிஞர் வாலி எழுதினார். கடலையே பாராத வெட்டுக்காரர்கூட அதைத் தம் கதையாகவே எடுத்துக்கொண்டார். கடல் என்பதற்குப் பதில் பால்மரம் என்று வைத்துக்கொண்டால் போதுமாயிருந்தது.

மெட்டும் சொல்லும் எப்படி இணைந்தன என்று அறிய விரும்புகிறவர்கள் 1980இல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தைப் பார்க்க வேண்டும். அதில் நாயகி வெறும் ஓசையாக மெட்டைப் பாட, நாயகன் அந்தக் கணத்திலேயே சொற்களை அடுக்கிக் கொடுக்கிறான். அவள் மெட்டை வளைக்க வளைக்க, அவன் சொல்லும் வளைகிறது. கதைக்காக அமைத்த காட்சியாயினும் விஸ்வநாதனும் கண்ணதாசனும் நாள்தோறும் ஓர் அறையில் உட்கார்ந்து செய்த வேலையே அது. முதலில் இயக்குநர் கதையின் சூழ்நிலையைச் சொல்வார். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டுகளைப் போடுவார். ஒன்று பிடிக்கவில்லை என்றால் சலிக்காமல் அடுத்தது. கவிஞர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். சில நேரம் கவிதை முன்னே வரும், மெட்டு அதைத் தொடரும். பிறகு கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்ற துணைவர்கள் வாத்தியக்காரர்களுக்கு வேண்டிய பகுதிகளைக் குறித்துக் கொடுப்பார்கள். அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்வார்கள். முடிகிற தறுவாயில் ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான். கண்ணதாசன் பிறந்ததும் ஜூன் 24தான். ஓராண்டு முன்னதாக, 1927இல். நட்புக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? 1981 அக்டோபரில் கண்ணதாசன் அமெரிக்காவில் காலமானபோது விஸ்வநாதனின் இசையில் ஒரு பாதி ஓய்ந்தது என்றே நான் கருதுகிறேன். அதன்பின் அவர் நல்ல மெட்டுகள் போடவில்லை என்பதன்று. அவற்றை ஏந்திக்கொள்ள அந்தச் சொல் இல்லை.

வாத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கர்ணன்' படத்துக்காக வடநாட்டு இராகங்களையும், சாரங்கி, ஷெனாய் போன்ற வாத்தியங்களையும் கொண்டுவந்தார்கள். அதே 1964ஆம் ஆண்டில் 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு கிதாரும் பாங்கோ மேளமும் சீழ்க்கையும். அதே ஆண்டில் 'புதிய பறவை'யில் நிம்மதி தேடித் தவிக்கும் நாயகனுக்காகப் பெரும் வாத்தியக் கூட்டம் ஒன்றைத் திரட்டி, அதன் நடுவே ஒற்றைக் குரலைத் தனியே தவிக்க விட்டார்கள். பாட்டில்லாத இடங்களில் வருகிற பின்னணி இசையிலும் இவர்கள் கைதேர்ந்தவர்கள். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஒரு நடிகர் கண்ணீர் விடுவதற்கு முன்பே நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம் என்றால், அங்கே ராமமூர்த்தியின் வயலின் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதுபற்றி ஆளுக்கொரு கதை உண்டு. அவற்றை நான் இங்கே கிளறப்போவதில்லை. தேநீர்க் கடைகளில் நடந்த வழக்குத்தான் சுவையானது. மெட்டு விஸ்வநாதனுடையது, மெருகு ராமமூர்த்தியுடையது என்பார் ஒருவர். பிரிந்த பிறகு விஸ்வநாதனுக்குத்தானே நூற்றுக்கணக்கில் படங்கள் வந்தன, ஆகையால் சரக்கெல்லாம் அவருடையதே என்பார் மற்றொருவர். படத்தின் எண்ணிக்கையைக் கொண்டு திறமையை அளக்கும் இந்த வாதம் எனக்கு உடன்பாடன்று. 1965க்கு முந்திய பாட்டுகளில் வயலின் கூட்டத்துக்கு ஒரு நிதானமும் ஆழமும் உண்டு. பிந்தியவற்றில் வேகமும் துணிச்சலும் மிகுதி. 'அன்பே வா', 'சிவந்த மண்', 'உலகம் சுற்றும் வாலிபன்' ஆகியவற்றை விஸ்வநாதன் தனியே செய்தார். உலகத்து இசையையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். இரண்டும் நமக்குக் கிடைத்தன. ஆனால் முந்தியது பிறகு திரும்பி வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படத்துக்காக இருவரும் மறுபடி சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் நம் நாட்டில் வேறொரு பிரிவு நடந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டியதாயிற்று. தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் ஏராளம். இங்கேயே பிறந்தும் பத்திரம் எடுத்து வைக்காதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 1969க்குப் பின் அனுமதி கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். அப்பா கப்பலில், பிள்ளைகள் கரையில் என்ற நிலையும் இருந்தது. ஒரு குடும்பம் புறப்படுவதற்கு முந்திய இரவில் லயத்தில் விருந்து வைத்து, பாட்டுப் போட்டு அனுப்புவார்கள். ஊருக்குப் போனவர்களும், இங்கே தங்கியவர்களும் அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. ஆனால் இருவரும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சென்னை வானொலியில், இங்கே நம் வானொலியில். அஞ்சலில் வந்த கடிதங்களில் உடல்நலம் விசாரித்து, மழை விசாரித்து, இன்ன படத்துப் பாட்டுக் கேட்டீர்களா என்றும் விசாரித்து எழுதியிருப்பார்கள்.

இங்கே நம் நாட்டுக் கலைஞர் ஒருவரையும் நினைத்துக்கொள்வது பொருந்தும். விஸ்வநாதன் பிறந்த மறு ஆண்டில், 1929 மார்ச் 22இல், பக்கத்துப் பினாங்கில் பிறந்தவர் பி. ரம்லி. பாடுவார், நடிப்பார், இயக்குவார், மெட்டும் போடுவார். அவரை முதன்முதலில் கதாநாயகராக்கி 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். 1956இல் 'ஹாங் துவா' படத்தின் இசைக்காக ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி பரிசு பெற்றார். தோட்டத்துத் திடலில் ஒரு வாரம் சிவாஜி படமும் மறு வாரம் ரம்லி படமும் ஓடின. சிரிக்க வேண்டிய இடத்தில் நம்மவர்களும் சிரித்தார்கள், அழ வேண்டிய இடத்தில் அழுதார்கள். மொழி பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. கடைசிக் காலத்தில் வாய்ப்பின்றி வாடி, 1973இல் நாற்பத்து நான்காம் வயதில் ரம்லி மறைந்தார். 'டான் ஸ்ரீ' விருது 1990இல், அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தது.

விஸ்வநாதன் நெடுநாள் வாழ்ந்தார். ஆயினும் மரியாதை விஷயத்தில் அவருக்கும் குறைதான். 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடியதற்காகப் பி. சுசீலா தேசிய விருது பெற்றார், மெட்டு விஸ்வநாதனுடையது. 1975இன் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் பாடியதற்காக வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றார். அதற்கும் மெட்டு விஸ்வநாதனுடையது. மெட்டுப் போட்டவருக்குத் தேசிய விருதும் இல்லை, பத்ம விருது ஒன்றும் இல்லை. விண்ணப்பம் போட்டு வாங்குகிற பழக்கம் அவரிடம் இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் விருது கொடுப்பவர்களுக்குக் காதும் இல்லாமற் போயிற்றா?

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராசா என்ற புதியவர் நாட்டுப்புற மெட்டுகளோடு புகுந்தார். நம் பிள்ளைகள் அவர்பக்கம் சாய்ந்தார்கள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்தது. விஸ்வநாதனுக்கோ அந்தக் கசப்பு இல்லை. 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இளையராசாவோடு சேர்ந்து இசையமைத்தார். பிறகு ஏ. ஆர். ரகுமானின் இசையிலும் பாடகராக வந்து நின்று பாடினார். எழுபது வயதில், தம்மைவிட நாற்பது வயது இளையவர் சொன்னபடி பாடிவிட்டுப் போவதற்கு ஒரு மனம் வேண்டும்.

2012 ஆகஸ்டில் தமிழக அரசின் சார்பில் முதல்வர் ஜெயலலிதா, விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தி, 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தையும், ஆளுக்கு அறுபது பொற்காசுகளையும் ஒரு காரையும் வழங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14ஆம் நாள் விஸ்வநாதனும் சென்னையில் காலமானார். அதற்குள் நம் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறியிருந்தன, பல தாமான்களாகியிருந்தன. திடலும் இல்லை, வேனும் இல்லை. அன்று மாலை வானொலியில் அவருடைய பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோது, அடுக்குமாடி வீடுகளில் இருந்த நம் பெரியவர்கள் எந்தப் பாட்டு எந்தத் தோட்டத்தில், யார் வீட்டுக் கல்யாணத்தில் ஒலித்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று இல்லாத லயங்களுக்கு அந்தப் பாட்டுகளே முகவரி.

இன்னும் ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து 1970இல் தமிழக அரசு விழாக்களுக்கு உரியதாயிற்று. அதற்கு மெட்டமைத்தவர் விஸ்வநாதன். மோகன இராகத்தில், குழந்தையும் பாடும்படி. 2021 டிசம்பரில் அதனை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழக அரசின் ஆணை, அதை மோகன இராகத்தில் 55 நொடிகளில் பாட வேண்டும் என்றும், பாடும்போது யாவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. கண்ணூர்க் கொட்டகையில் முறுக்கு விற்ற பையன் போட்ட மெட்டுக்கு இன்று அமைச்சர்களும் நீதிபதிகளும் எழுந்து நிற்கிறார்கள். பாடுகிற பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.